வேலூர்ல நடுவுல ரெண்டு நாள் சும்மா இருக்கோம்: எதுல போறது, எங்க போறது?

மன்னை மைந்தன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். மே கடைசி வாரம் அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டு வர்றேன். புதன்கிழமை டாக்டர் பாக்கறாங்க, டெஸ்ட் எல்லாம் எடுத்துட்டு சனிக்கிழமை காலைல திரும்ப வரச் சொல்லியிருக்காங்க. நடுவுல வியாழனும் வெள்ளியும் எந்த வேலையும் இல்ல. கூட வீட்டுக்காரம்மாவும் ரெண்டு பசங்களும் வர்றாங்க (பெரியவ ஏழாவது, சின்னவன் நாலாவது). அம்மாவுக்கு முட்டி வலி, ரொம்ப நடக்க முடியாது. ஆனா தங்கக் கோயில் பாக்காம ஊருக்கு வரமாட்டேன்னு இப்பவே சொல்லிட்டாங்க.

மன்னார்குடியில இருந்து ரயில்ல வர்றோம். காட்பாடியில இறங்கணும்னு சொல்றாங்க. அங்கேர்ந்து ஊருக்குள்ள எதுல வர்றது? கார் வச்சுக்கணுமா, பஸ் போதுமா? ஆட்டோல ஏமாத்துவாங்கன்னு பயமுறுத்தறாங்க. வேற என்ன பாக்கலாம், எங்க சாப்பிடலாம்? உள்ளூர்க்காரங்க சொன்னா நல்லாருக்கும்.

காட்பாடி ஜங்ஷன்

பாமணி எக்ஸ்பிரஸ்ல வர்றீங்கன்னா காட்பாடி வரைக்கும் வராதீங்க சார். அது விழுப்புரம், திருவண்ணாமலை வழியா வர்ற வண்டி. காட்பாடிக்கு முன்னாடியே வேலூர் கன்டோன்மென்ட்ல நிக்கும். அங்க இறங்கினா ஆஸ்பத்திரிக்கு ரெண்டு மூணு கிலோமீட்டர்தான். காட்பாடியில இறங்கினா பாலாத்துப் பாலத்தைத் தாண்டி ஏழு கிலோமீட்டர் திரும்ப வரணும், அதுவும் காலைல காலேஜ், ஆபீஸ் போற நேரத்துல அந்த ரோட்டுல வண்டி நகராது.

சென்னை, பெங்களூர்ல இருந்து வர்றவங்களுக்குத்தான் காட்பாடி. கூகுள்ல வேலூர்னு போட்டா எல்லாரையும் அங்கதான் இறக்கி விடுது. பாமணி தினமும் கிடையாது, எந்தெந்த நாள்னு பாத்துட்டு டிக்கெட் போடுங்க.

கஸ்பா பாய்

ஜங்ஷன் சொன்னதுதான் சரி. அடுத்து ஊருக்குள்ள சுத்தற விஷயம்.

வேலூரைப் புரிஞ்சிக்கறது சுலபம். வடக்க காட்பாடி, தெற்க பாகாயம். ரெண்டுக்கும் நடுவுல நூல் புடிச்ச மாதிரி ஒரே தடம். காட்பாடி ஸ்டேஷன், சித்தூர் பஸ் ஸ்டாண்ட், விருதம்பட்டு, பாலாறு, புது பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, பழைய பஸ் ஸ்டாண்டு, கோட்டை, தொரப்பாடி, பாகாயம். வெளியூர்லேர்ந்து வர்றவங்களுக்கு வேண்டியது முக்காவாசி இந்தத் தடத்துலயே வந்துடும். 1, 2ன்னு நம்பர் போட்ட டவுன் பஸ் காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் போய்க்கிட்டே இருக்கும். ஒண்ணு போனா பின்னாடியே இன்னொண்ணு வரும், ஓடிப் போய் தொத்திக்கிட்டு ஏற வேண்டியதில்ல.

அம்மாவும் வீட்டுக்காரம்மாவும் முன்பக்கம் பிங்க் அடிச்ச சாதாரண டவுன் பஸ்ல ஏறினா டிக்கெட் காசே வேணாம். 2021லேர்ந்து தமிழ்நாடு முழுக்க இருக்கறதுதான். ஆம்பளைங்களுக்குத்தான் காசு.

இன்னொண்ணு: புது பஸ் ஸ்டாண்டு வேற, பழைய பஸ் ஸ்டாண்டு வேற. புதுசு 2022ல இடிச்சிக் கட்டித் திறந்தது, கிரீன் சர்க்கிள் பக்கத்துல பெங்களூர் ஹைவேயை ஒட்டி இருக்கு, வெளியூர் பஸ் எல்லாம் அங்கதான். பழசு கோட்டைக்கு எதிர்ல, டவுன் பஸ்ஸுக்கு. ஆட்டோவுல ஏறி வெறும "பஸ் ஸ்டாண்டு"ன்னு சொன்னா எங்க கொண்டுபோய் விடுவாங்கன்னு அவங்களுக்கே தெரியாது.

பாலாத்தங்கரை

ஷேர் ஆட்டோவும் அதே தடத்துல ஓடுது. கையைக் காட்டினா நிக்கும். ஆனா முட்டி வலிக்காரங்களை அதுல ஏத்தாதீங்க. பின்சீட்டுல ஏற்கனவே நாலு பேர் இருப்பாங்க, அஞ்சாவதா உங்கம்மாவை "அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா"ன்னு உக்காரச் சொல்லுவாங்க.

பைபாஸ் பயணி

வேலூர்ல பாக்க என்ன சார் இருக்கு. நாப்பத்தி ரெண்டு டிகிரி வெயில். ரூம்ல ஏசி போட்டுக்கிட்டு படுங்க. இல்லன்னா டாக்ஸி புடிச்சி ஏலகிரி போயிடுங்க.

கஸ்பா பாய்

@பைபாஸ் பயணி உங்க பேருக்கேத்த மாதிரி பேசறீங்க.

ஓட்டேரி ஆட்டோ

இன்னா சார் எல்லாரும் ஆட்டோக்காரனையே புடிச்சிகினு கீறீங்க. நானும் இந்த ஊர்ல வண்டி ஓட்றவன்தான், சொல்றேன் கேட்டுக்கோங்க.

மீட்டர்னு எங்க ஊர்ல எவனும் போட மாட்டான். அது நெஜம்தான். ஏறதுக்கு மின்னாடி பேசிக்கணும். ஸ்டேஷன் வாசல்ல லைன்ல நிக்கற வண்டி ஒரு ரேட்டு சொல்லும், நீங்க வெளிய மெயின் ரோட்டுக்கு வந்து ஓட்ற வண்டிய நிறுத்துனா வேற ரேட்டு. மொபைல்ல புக் பண்ற ஆட்டோவும் இப்ப வந்துடுச்சி, அதுல இன்னா காட்டுதுன்னு பாத்துட்டு வந்து எங்ககிட்ட பேசுங்க. அத்த விட கொஞ்சம் மேல கேட்டா நாயம். டபுளா கேட்டா நடைய கட்டுங்க.

தங்கக் கோயிலுக்கு மட்டும் போறதுக்கு ரேட்டு பேசாதீங்க. போக, வர, வெயிட்டிங் மூணையும் சேத்து பேசுங்க. ஏன்னா திருமலைக்கோடியில ஒருத்தர இறக்கி விட்டுட்டு காலியா திரும்பி வந்தா எனக்கு கட்டாது, அதனால போறப்பவே திரும்பற காசையும் சேத்துதான் கேப்பேன். அப்பால அங்க இன்னொரு வண்டிக்காரன் உங்ககிட்ட அதே மாதிரி கேப்பான். நாலு பேரு குடும்பம்னா ஒரே வண்டிய வச்சிக்கறதுதான் லாபம்.

அஞ்சு பேருன்னு சொல்லிகீறாரு. ரெண்டும் புள்ளைங்க, ஒரு வண்டி போதும். ரெண்டு வண்டி வேணும்னு எவனாச்சும் சொன்னா வேற ஆள பாருங்க.

மன்னை மைந்தன்

ஆட்டோ அண்ணே, ரொம்ப நன்றி. இதைத்தான் எதிர்பார்த்தேன். தங்கறதுக்கு எந்தப் பக்கம் பாக்கலாம்?

வாலாஜா அக்கா

தம்பி, நான் எங்க வீட்டுக்காரருக்காக மாசக்கணக்குல அந்தத் தெருவுல இருந்தவ, சொல்றேன். ஆஸ்பத்திரிக்கு எதிர்லயும் காந்தி ரோட்டுலயும் பின்னாடி சந்துகள்லயும் நெடுக லாட்ஜ்தான். வங்காளத்துலேர்ந்தும் அஸ்ஸாம்லேர்ந்தும் பங்களாதேஷ்லேர்ந்தும் வைத்தியத்துக்கு வர்றவங்க அவ்வளவு பேர். போர்டெல்லாம் வங்காளத்துல எழுதியிருக்கும், மெஸ்ஸுல மீன் குழம்பு சோறு கடுகெண்ணெய் வாசனையோட வரும். ஒரு ராத்திரி அந்தத் தெருவுல நடந்து பாருங்க, தமிழ்நாட்டுல இருக்கமான்னு சந்தேகம் வரும். மருந்துக் கடை, பழக்கடைக்காரங்க எல்லாம் வங்காளமும் இந்தியும் பேசறாங்க.

முக்கியமான விஷயம், ஸ்டேஷன்லயோ பஸ் ஸ்டாண்டுலயோ யாராவது தானா வந்து "எந்த டாக்டர், எந்த டிபார்ட்மென்ட், நான் சீக்கிரம் பாக்க வைக்கறேன், ரூமும் காட்டறேன்"னு பேசினா பதில் சொல்லாம நடந்துடுங்க. லாட்ஜ்ல கமிஷன், ஸ்கேன்ல கமிஷன், எல்லாத்துலயும் இருக்கு. எங்களை ஒருத்தன் அப்படித்தான் ஒரு லாட்ஜுக்குக் கூட்டிப் போனான். ஜன்னலே இல்லாத ரூம், அதுக்கு வாடகை பக்கத்து லாட்ஜைவிட ஒண்ணரை மடங்கு. ஆஸ்பத்திரி டோக்கன் ஆன்லைன்லயே நேரா போட்டுக்கலாம், நடுவுல ஆள் எதுக்கு.

ரூம் எடுக்கும்போது மூணு விஷயம் கேளுங்க. லிஃப்ட் வேலை செய்யுதா (இருக்கான்னு கேக்காதீங்க, வேலை செய்யுதான்னு கேளுங்க). மேல்மாடியா, கீழயா. மே மாசத்துல மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்கற ரூம் ராத்திரி பன்னெண்டு மணிக்கும் கொதிக்கும். அப்புறம் அடுப்பு. நிறைய லாட்ஜ்ல சமைச்சிக்க அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குத் தர்றாங்க. நாலு நாளைக்கு முழுச் சமையல் வேணாம், அம்மாவுக்கு ஒரு கஞ்சி, ரசம் சாதம் வைக்க ஆகும்.

கோட்டை மதில்

கோட்டையைப் பத்தி யாரும் இன்னும் ஒரு வரிகூட எழுதலையே. நான் எழுதறேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

வேலூர்ல ஒரே ஒரு இடம் பாக்க நேரம் இருக்குன்னா அது கோட்டைதான். உள்ள போக டிக்கெட் கிடையாது. பழைய பஸ் ஸ்டாண்டுல இறங்கி ரோட்டைத் தாண்டினா அகழி. 133 ஏக்கர். 16ம் நூற்றாண்டுல விஜயநகரத்துக்குக் கீழ இருந்த நாயக்கர்கள் கட்டினது, சின்ன பொம்மி நாயக்கர், திம்மா ரெட்டி பேரைச் சொல்லுவாங்க. அகழியில முதலை விட்டு வச்சிருந்தாங்கன்னு எங்க பாட்டி காலத்துலேர்ந்து கதை. காலைல ஆறரைக்குப் போயிடுங்க. எட்டரைக்கு மேல அந்தக் கருங்கல் சூடு ஏற ஆரம்பிச்சிடும்.

நேரா ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போங்க. கோபுரத்துக்குள்ள நுழைஞ்சதும் இடது பக்கம் கல்யாண மண்டபம். பசங்களை அங்க விட்டுடுங்க. தூண் ஒவ்வொண்ணுலயும் குதிரையும் யாளியும் பாய்ஞ்சிக்கிட்டு நிக்கும். அதுல காளையும் யானையும் ஒரே தலையில இருக்கற சிற்பம் ஒண்ணு இருக்கு. ஒரு உடம்பைக் கையால மறைச்சா யானை, இன்னொண்ணை மறைச்சா காளை. நாலாவது படிக்கறவன் அதைத் தானே கண்டுபிடிக்கட்டும், நீங்க காட்டாதீங்க. அப்புறம் தலையைத் தூக்கிப் பாருங்க: விதானத்துல நடுவுல தாமரை, சுத்தி கிளிகள் தலைகீழா தொங்கிக்கிட்டு இருக்கும். எல்லாம் கல்லு.

அந்தக் கோயில்ல ஏறக்குறைய நானூறு வருஷம் சாமி இல்ல. படையெடுப்புக் காலத்துல லிங்கத்தை வெளிய கொண்டுபோயிட்டாங்க, அது சத்துவாச்சாரியில இருந்தது. வெள்ளைக்காரன் கோயிலை ஆயுதக் கிடங்கா வச்சிருந்தான். சுதந்திரத்துக்கு அப்புறமும் தொல்லியல் துறை சின்னம்னு பூட்டித்தான் கிடந்தது. 1981 மார்ச்ல ஊர்க்காரங்க லிங்கத்தைக் கொண்டுவந்து வச்சிட்டாங்க. இன்னைக்குப் பிரதோஷத்துக்குப் போனா நிக்க இடம் இருக்காது.

வெளிய வந்தா 1846ல கட்டின செயின்ட் ஜான்ஸ் சர்ச், ஒரு மசூதி, திப்பு மகால், ஐதர் மகால். 1799ல ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் திப்புவோட பிள்ளைகளையும் குடும்பத்தையும் இங்கதான் கொண்டுவந்து வச்சாங்க. மகாலுக்குள்ள பெரும்பாலும் விட மாட்டாங்க, போலீஸ் பயிற்சிப் பள்ளி பக்கம் அது. வெளியிலேர்ந்து பாத்துக்கலாம்.

பெரியவ ஏழாவதுன்னா 1806 வேலூர் சிப்பாய்ப் புரட்சி அவளுக்குப் பாடத்துல வரும். ஜூலை 10 விடியறதுக்கு முன்னாடி சிப்பாய்கள் எழுந்தது இந்தக் கோட்டைக்குள்ளதான். நெத்தியில குறி கூடாது, தாடி கூடாது, தோல் வச்ச புதுத் தொப்பி போடணும்னு உத்தரவு. ஆற்காட்டுலேர்ந்து வெள்ளைக்கார கர்னல் கில்லஸ்பி குதிரைப்படையோட வந்து அன்னைக்கே அடக்கிட்டான். நூத்துக்கணக்குல சிப்பாய்கள் செத்தாங்க. 1857 மீரட் கலகத்துக்கு 51 வருஷம் முன்னாடி! அதுக்கப்புறம் கவர்னர் பென்டிங்கையே திரும்பக் கூப்பிட்டுட்டாங்க, திப்பு பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பிட்டாங்க. நினைவுத்தூண் கோட்டைக்கு வெளிய மக்கான் சந்திப்புல நிக்குது. பஸ்ஸுல போற எங்க ஊர்க்காரங்க பாதிப் பேருக்கு அது எதுக்குன்னு தெரியாது, அது வேற கதை.

அரசு அருங்காட்சியகமும் உள்ளயே இருக்கு. ஆனா வெள்ளிக்கிழமை லீவு. அதனால கோட்டையை வியாழக்கிழமை வச்சுக்கோங்க.

பாலாத்தங்கரை

"சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை"ன்னு எங்க ஊரைக் கிண்டல் பண்றவங்களுக்கு ஒரு செய்தி. சாமி 1981ல வந்துட்டாரு. தண்ணியும் 2021 நவம்பர்ல வந்துச்சு, பாலாத்துல ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டுப் போச்சு, கோட்டை அகழி நிரம்பி கோயிலுக்குள்ளயே முட்டியளவு நின்னுச்சு. ராஜா மட்டும் இன்னும் வரல.

கோட்டை மதில்

ராஜா வந்தாருங்க. கைதியா வந்தாரு. கண்டியோட கடைசி ராஜா ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனை 1815ல புடிச்சி, அப்புறம் இங்க கொண்டுவந்து வச்சாங்க. 1832ல செத்தும் போனாரு. பாலாத்தங்கரையில முத்து மண்டபம்னு அவரு கல்லறை இருக்கு. உங்க பேரை வச்சிக்கிட்டு இதுகூடத் தெரியாம இருக்கீங்களே!

பாலாத்தங்கரை

முத்து மண்டபத்துல கல்லறைன்னு தெரியும், ராஜா கணக்குல அவரை யாரு சேத்தா.

காட்பாடி ஜங்ஷன்

தங்கக் கோயிலுக்கு வருவோம். அம்மா ஆசைப்படறாங்க, போகணும்தான். ஆனா தெரிஞ்சிக்கிட்டுப் போகட்டும்.

ஸ்ரீபுரம், அரியூர் தாண்டி திருமலைக்கோடியில இருக்கு. டவுன்லேர்ந்து எட்டு கிலோமீட்டர் சுமார். 2007 ஆகஸ்ட்ல கும்பாபிஷேகம். மகாலட்சுமி நாராயணி. 1,500 கிலோ தங்கம்னு சொல்றாங்க. கர்ப்பக்கிரகமும் முன்மண்டபமும் முழுக்கத் தங்கத் தகடு. அதைச் சுத்தி நட்சத்திர வடிவத்துல கூரை போட்ட நடைபாதை. அந்த நட்சத்திரத்துலதான் விஷயம். உள்ள போனா சாமியைப் பாத்து வெளிய வர்றதுக்குள்ள ஒண்ணரைக் கிலோமீட்டருக்கு மேல நடக்கணும். நடுவுல திரும்பி வரவும் முடியாது. முட்டி வலிக்காரங்களுக்கு வாசல்லயே சக்கர நாற்காலிக்கு ஏற்பாடு உண்டான்னு கேட்டுட்டு அப்புறம் உள்ள விடுங்க.

செல்போன் உள்ள கிடையாது, லாக்கர்ல போட்டுட்டுப் போகணும். லுங்கி, டவுசர், நைட்டி, மிடி எதுக்கும் அனுமதி இல்ல. சின்னவனுக்கு முழு பேன்ட் போட்டுக் கூட்டிப் போங்க.

பைபாஸ் பயணி

வரிசையில ஒரு மணி நேரம், சாமி முன்னாடி அரை நிமிஷம். தங்கம் பாக்கணும்னா தி.நகர் போலாம்.

வாலாஜா அக்கா

அப்படிப் பேசாதீங்க. ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க எத்தனை பேர் அங்க போய் உக்காந்து அழுதுட்டு வர்றாங்கன்னு எனக்குத் தெரியும். போறதுன்னா சாயங்காலம் ஆறு மணிக்கு உள்ள போற மாதிரி வச்சுக்கோங்க தம்பி. நடக்கற பாதையும் சுடாது. இருட்டினதும் விளக்கு போடுவாங்க, தண்ணிக்கு நடுவுல அந்தத் தங்கம் ஜொலிக்கறது பகல்ல தெரியாது. எட்டு மணி வரைக்கும் விடறாங்க. கூட்டம் இருந்தா கட்டண தரிசனத்துல போங்க, முட்டி வலிக்காரங்களை வச்சிக்கிட்டு கஞ்சத்தனம் பண்ணாதீங்க. வெள்ளிக்கிழமை கூட்டம் ஜாஸ்தி. வியாழன் சாயங்காலமே போயிடுங்க.

மன்னை மைந்தன்

அப்ப வியாழன் காலைல கோட்டை, மத்தியானம் ரூம், சாயங்காலம் தங்கக் கோயில். வெள்ளிக்கிழமைக்கு என்ன பண்ணலாம்? ஏலகிரி ஒருத்தர் சொன்னாரு.

குடியாத்தம் நெசவு

ஏலகிரி நல்ல இடம்தான். ஆனா வேலூர்லேர்ந்து தொண்ணூறு கிலோமீட்டர். மேல ஏற பதினாலு கொண்டை ஊசி வளைவு. அம்மாவை டெஸ்ட் ரிசல்ட்டுக்கு முந்தின நாள் அவ்வளவு தூரம் உக்கார வச்சிக் கூட்டிப் போவீங்களா? அமிர்தி கிட்டத்துல இருக்கு, ஜவ்வாது மலை அடிவாரம், இருபத்தஞ்சு கிலோமீட்டர்தான், மிருகக்காட்சி சாலை இருக்கு. ஆனா மே மாசத்துல ஆத்துல தண்ணி இருக்காது.

என் யோசனை விரிஞ்சிபுரம், பள்ளிகொண்டா, ஆம்பூர். மூணும் ஒரே பெங்களூர் ஹைவேயில வரிசையா வரும். விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயில் பதிமூணு கிலோமீட்டர். காலைல ஏழரைக்கு அங்க இருங்க. "விரிஞ்சிபுரம் மதிலழகு"ன்னு கேள்விப்பட்டிருப்பீங்க.

மன்னை மைந்தன்

மன்னார்குடி மதிலழகு. அதுதான் சரியான பழமொழி. எங்க ராஜகோபாலசாமி கோயில் மதிலைப் பாத்துட்டுப் பேசுங்க.

குடியாத்தம் நெசவு

ஆகா, ஊர்ப் பேரைப் பாத்தப்பவே நினைச்சேன். சரி, வந்து ரெண்டையும் அளந்துட்டுப் போங்க.

மதிலை விடுங்க, உள்ள தென்பக்கம் பிரகாரத்துல நேரம் காட்டற கல் இருக்கு. அரைவட்டமா கோடு செதுக்கி எண் போட்டிருக்கும். மேல இருக்கற பள்ளத்துல ஒரு குச்சியை வச்சா நிழல் எந்தக் கோட்டுல விழுதோ அதுதான் மணி. பசங்க செல்போனை எடுத்து சரிபாப்பாங்க பாருங்க, அதுக்காகவே கூட்டிப் போகலாம். பக்கத்துல சிம்மக் குளம், சிங்க முகத்து வாயில் வழியா இறங்கணும். கார்த்திகை கடைசி ஞாயித்துக்கிழமை ராத்திரி குழந்தை வேண்டி ஆயிரக்கணக்குல பொம்பளைங்க அங்க குளிச்சிட்டு ஈரத்துணியோட படுப்பாங்க. மத்த நாள் அமைதியா இருக்கும்.

அங்கேர்ந்து பள்ளிகொண்டா, உத்தர ரங்கநாதர். பெருமாள் படுத்திருப்பாரு. ஊர்ப் பேரே அதுதான். உச்சிக்கால பூஜை முடிஞ்சா நடை சாத்திடுவாங்க, பதினொண்ணுக்குள்ள போயிடுங்க.

பஸ்ல போறதுன்னா ஒரு எச்சரிக்கை: புது பஸ் ஸ்டாண்டுல கிருஷ்ணகிரி, ஓசூர் வண்டியில ஏறி உக்காராதீங்க, அது ஹைவேயில பறந்து போயிடும். குடியாத்தம், ஆம்பூர் போற சாதாரண வண்டியா பாத்து "செதுவாலை நிக்குமா"ன்னு கண்டக்டரைக் கேட்டுட்டு ஏறுங்க, விரிஞ்சிபுரத்துக்கு அங்கதான் இறங்கணும். ஆனா முட்டி வலியையும் வெயிலையும் சேத்துப் பாத்தா, இந்த ஒரு நாளைக்கு மட்டும் கார் வச்சுக்கறது உத்தமம். மத்த நாளுக்கு வேணாம்.

கஸ்பா பாய்

அப்புறம் ஆம்பூர். மணி பன்னெண்டு ஆகும். கரெக்ட் டைம்.

பிரியாணி பத்தி நான் சொல்றேன், மத்தவங்க அப்புறம் சண்டை போடுங்க. சீரக சம்பா. விறகடுப்பு. பச்சை மிளகாய் இல்ல, ஊறவச்ச வரமிளகாயை அரைச்சிப் போடறது, அதான் அந்த லேசான சிவப்பு. மசாலா தூக்கலா இருக்காது, கறி மேலதான் கவனம். தொட்டுக்க கத்தரிக்காய், புளி போட்டு வதக்கினது. வெங்காயத் தயிர் பச்சடி. அந்தக் கத்தரிக்காயை ஒதுக்கி வச்சிட்டு பிரியாணியை மட்டும் சாப்பிடறவங்களை எங்க ஊர்ல கொஞ்சம் பரிதாபமாத்தான் பாப்போம்.

பெரிய பேர் போட்ட கடைதான்னு இல்ல. தேக்சா (பிரியாணி அண்டா) திறந்து முதல் ரெண்டு மணி நேரத்துக்குள்ள சாப்பிடணும். மூணு மணிக்கு மேல எந்தக் கடையா இருந்தாலும் அடிப் பிரியாணிதான். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்துல சில கடை கொஞ்ச நேரம் சாத்தியிருக்கும், பன்னெண்டேகாலுக்கே உக்காந்துடுங்க.

வாணியம்பாடி மாப்ள

ஆம்பூர் பேர் வாங்கிடுச்சி, அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச தூரம் வந்தா வாணியம்பாடி. காரம் கம்மி, அம்மாவுக்கும் ஒத்துக்கும். ஆம்பூர்லேர்ந்து சாப்பாட்டுக்கு இங்க வர்றவங்க இருக்காங்க.

கஸ்பா பாய்

யாரு வர்றாங்க? பேரைச் சொல்லுங்க மாப்ள.

வாணியம்பாடி மாப்ள

எங்க மாமனாரே வர்றாரு.

கஸ்பா பாய்

அவரு மகளைப் பாக்க வர்றாரு.

வாலாஜா அக்கா

ரெண்டு பேரும் நிறுத்துங்க. தம்பி குடும்பத்துல சைவம் இருந்தா என்ன பண்ணுவாங்கன்னு யாராவது கேட்டீங்களா? முள்ளுக்கத்தரிக்காய் கிடைச்சா வாங்கிட்டுப் போங்க தம்பி, இலவம்பாடி பக்கம் விளையறது, 2023ல புவிசார் குறியீடு வாங்கியிருக்கு. காம்புல முள்ளு கையைக் குத்தும், வெந்தா வெண்ணெய். நேதாஜி மார்க்கெட்ல காலைல கேட்டா எடுத்துக் குடுப்பாங்க.

இனிப்புன்னா ஆற்காடு மக்கன் பேடா. பாத்தா குலாப் ஜாமூன்னு நினைப்பீங்க, கடிச்சாதான் உள்ள முந்திரி, பாதாம், திராட்சை வச்சிருக்கறது தெரியும். ஆற்காட்டுக்கே போகணும்னு இல்ல, வேலூர் கடைகள்லயும் கிடைக்குது. ஆனா வாங்கினா அன்னைக்கே சாப்பிடுங்க. ஜீராவோட ரயில்ல தூக்கிக்கிட்டுப் போனா பை முழுக்க ஒட்டிக்கும்.

மன்னை மைந்தன்

அம்மா சைவம், நாங்க மூணு பேர் சாப்பிடுவோம், பெரியவ இந்த வாரம் சைவம். அவ மாத்திக்கிட்டே இருப்பா. ஆம்பூர்ல சைவ ஓட்டல் இருக்கும்தானே?

குடியாத்தம் நெசவு

தாராளமா இருக்கு. இல்லன்னா பள்ளிகொண்டாவுலயே அம்மாவுக்கு டிபன் வாங்கிக் குடுத்துட்டு வாங்க. ஆம்பூர்ல ஹைவே ஓரம் செருப்பு, ஷூ கடைகளும் இருக்கு, தோல் ஊராச்சே. ஏற்றுமதிக்குப் போறதுன்னு சொல்லி எதையாவது தலையில கட்டுவாங்க, உள்பக்கம் தோலா ரெக்ஸினான்னு மோந்து பாத்து வாங்குங்க.

ஓட்டேரி ஆட்டோ

மத்தியானம் பதினொண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் வெளிய இஸ்துகினு போவாதீங்க சார், கெஞ்சி கேக்கறேன். அக்னி நட்சத்திரம் முடிஞ்சிடுச்சின்னு காலண்டர் சொல்லும். மலைங்க நாலு பக்கமும் கீது, சூடு உள்ளயே சுத்தும். போன வருசம் வண்டியிலயே ஒரு அம்மா மயங்கிட்டாங்க. தண்ணி பாட்டில் வாங்கி வாங்கி காசு போவும், பெரிய பாட்டில் ஒண்ணு ரூம்லேந்து நெரப்பிகினு வாங்க. ரோட்டோரம் மோர், நுங்கு எல்லாம் கெடைக்கும்.

பசங்க ரூம்ல அடம் புடிச்சா சத்துவாச்சாரியில அறிவியல் மையம் கீது. வெயில் படாம ஒரு ரெண்டு மணி நேரம் ஓடும்.

கோட்டை மதில்

சனிக்கிழமை டாக்டர் மத்தியானத்துக்குள்ள விட்டுட்டா ஒரு ஆசை காட்டட்டுமா? ஜவ்வாது மலையில காவலூர் வைணு பாப்பு வானாய்வகம். 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கற இடம். சனிக்கிழமை சாயங்காலம் பொதுமக்களுக்கு சின்ன தொலைநோக்கியில வானம் காட்டுவாங்க. பெரியவளுக்கு ரொம்பப் பிடிக்கும். மேகம் இருந்தா ஒண்ணும் தெரியாது, போன் பண்ணி அனுமதி விவரம் கேட்டுட்டுத்தான் கிளம்பணும்.

வாலாஜா அக்கா

சனிக்கிழமை டாக்டர் என்ன சொல்றாருன்னு பாத்துட்டு அப்புறம் வானத்தைப் பாக்கலாம். திரும்ப ஒரு டெஸ்ட் எழுதினாங்கன்னா திங்கக்கிழமை வரைக்கும் இருக்கணும். லாட்ஜ்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லி வச்சிடுங்க, "சனி காலி பண்றோம்"னு உறுதி குடுத்துடாதீங்க.

மன்னை மைந்தன்

அக்கா சொல்றது சரி. ரூமை ஞாயிறு வரைக்கும் போட்டுடறேன். காவலூரை இன்னொரு தடவை பாப்போம், மகள்கிட்ட இப்பவே சொல்லல.

கடைசியா ஒண்ணு. திரும்பற அன்னைக்கு பாமணி இல்லன்னா எப்படிப் போறது?

காட்பாடி ஜங்ஷன்

புது பஸ் ஸ்டாண்டுலேர்ந்து திருவண்ணாமலைக்கு வண்டி போய்க்கிட்டே இருக்கும், எண்பது கிலோமீட்டர் சுமார். அங்க மாறி விழுப்புரம், அங்கேர்ந்து உங்க பக்கம். ரயில்தான் வேணும்னா சென்னை பீச்லேர்ந்து கன்டோன்மென்ட் வரைக்கும் வந்த வண்டி 2024லேர்ந்து திருவண்ணாமலை வரைக்கும் போகுது, சாயங்காலம் சென்னையில கிளம்பி நடுராத்திரிதான் அங்க சேரும், அம்மாவோட அது வேணாம்.

நாள் மட்டும் பாத்துக்கோங்க. பௌர்ணமியா இருந்தா அந்தப் பக்கம் போற எந்த வண்டியிலயும் கிரிவலக் கூட்டம் படிக்கட்டு வரைக்கும் தொங்கும். அன்னைக்குக் கிளம்பாதீங்க.

மன்னை மைந்தன்

காலண்டர் பாத்தேன். ஞாயித்துக்கிழமை பௌர்ணமி.

ஓட்டேரி ஆட்டோ

அப்ப திங்கக்கிழமை காலைல போங்க சார். ஞாயித்துக்கெழம சாயங்காலம் கோட்டை புல்லுல உக்காருங்க, ஊரே அங்கதான் கீது. ஸ்டாண்டுக்கு நானே கொண்டாந்து வுடறேன், ரேட்டு மொபைல்ல காட்றதே குடுங்க.